ஐஸ் கம்பெனிச் சுவரும் என் சுருதியும்

"உங்க பாட்டு எல்லாமே கொஞ்சம் மேல நிக்குதுங்க" என்றார் கீபோர்டுக்காரர்.

அடையாறில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை காலை. என் முதல் மேடை நிகழ்ச்சிக்கு முதல் ஒத்திகை. லேப்டாப்பில் என் பாட்டை ஓடவிட்டேன், அவர் அதன்மேல் நாலு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினார். பால் திரிந்துபோன மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அதுவரைக்கும் நான் எந்த மனிதரோடும் சேர்ந்து வாசித்ததில்லை. துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்கு அலுவலகத்தில் கன்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. சாயங்காலம் வீடு திரும்பியதும் பாட்டு. எழுதுவது, மெட்டுப் போடுவது, தாளம், சிந்தசைசர் எல்லாம் நானும் லேப்டாப்பும்தான். பாடுவதற்கு மட்டும் பீரோ. கதவைத் திறந்து, அம்மாவின் சேலைகளுக்கு நடுவே மைக்கைச் செருகி, தலையையும் உள்ளே விட்டுக்கொண்டு பாடுவேன். இணையத்தில் ஏற்றிய ஆறு பாட்டுகளும் நாப்தலின் வாசனையில் பிறந்தவை. கேட்டவர்களில் பாதிப் பேர் என் ஆபீஸ்காரர்கள், மீதிப் பேர் யாரென்று தெரியாது. அந்தத் தெரியாதவர்களில் ஒருவர்தான் இந்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தார்.

"கொஞ்சம் மேலன்னா எவ்ளோ?" என்றேன்.

அவர் பொறுமைசாலி. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைக் காட்டி, "இதுக்கும் இதுக்கும் நடுவுல நூறு பங்கு இருக்குன்னு வெச்சுக்குங்க. உங்க பாட்டு முப்பத்தஞ்சு பங்கு ஏறி நிக்குது. ஆறு பாட்டுமே அப்படித்தான். ஏன் அப்படி வெச்சீங்க?" என்று கேட்டார்.

"அப்டி வெச்சாத்தான் சரியா கீது" என்றேன். எங்கள் தெருப் பேச்சு வாயிலிருந்து நழுவிவிட்டது. பின்னால் இருந்த கிடார்க்காரன் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அவனை முறைத்தேன்.

உண்மையில் நான் சொன்னது சரியான பதில்தான். சாஃப்ட்வேரில் சுருதியைத் துளித்துளியாக ஏற்றி இறக்க ஒரு பட்டி உண்டு. புதுப் பாட்டு என்றால் முதலில் நான் வாயால் பாடிப் பதிந்துகொள்வேன். பிறகு வாத்தியங்கள் என் குரலோடு ஒட்டும்வரை அந்தப் பட்டியை வலது பக்கம் தள்ளுவேன். எங்கே போய் நிற்கிறது என்று எண்ணைப் பார்த்ததில்லை. டீக்குச் சர்க்கரை போடுவது போல உலகத்தில் எல்லாரும் அவரவர் ருசிக்குத் தள்ளிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"எல்லாரும் ஒரே அளவுல வாசிக்கிறோம். இன்னும் ரெண்டு குழு வேற இருக்கு. ரெண்டு வாரம் இருக்குல்ல, இறக்கிட்டு வந்துடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதுதான் அதிகமாக வலித்தது.

காரணம் பழைய கதை. பள்ளிக்கூட நாட்களில் ராயபுரத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருந்தேன். கிறிஸ்துமஸ் பூசையில் தனியாக ஒரு பாட்டு பாட என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆர்கனோடு ஒரு வாரம் பழக்கிப் பார்த்து, கடைசியில் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். "உனக்குக் கொரலு கீதும்மா, காது இல்ல" என்றார் குழுத் தலைவர். அந்த வாக்கியத்துக்குப் பயந்துதான் பீரோவுக்குள் தலையை விட்டுப் பாட ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். இப்போது அடையாறு வரைக்கும் அது பின்னாலேயே வந்திருந்தது. காது இல்லாதவள் பாட்டுக்காரியாக முடியாது. எனக்குக் காது இருக்கிறதா என்று இரண்டு வாரத்தில் தெரிந்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து பட்டியைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன். வாத்தியங்கள் இறங்கின. நான் இறங்கவில்லை. முதல் வரியை ஒழுங்காகத் தொடங்குவேன், மூன்றாம் வரிக்குள் மேலே போய்விடுவேன். மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம் வந்தது. ஏன் முப்பத்தைந்து? ஒரு பாட்டில் இருபது, இன்னொன்றில் நாற்பது என்று இருந்தால் காது கெட்டது என்று ஒத்துக்கொள்ளலாம். வருடக்கணக்காக ஒவ்வொரு தடவையும் சரியாக முப்பத்தைந்தில் போய் நிற்கிற காது எப்படிக் கெட்ட காதாகும்?

அழுகை நின்றுவிட்டது. எனக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும். ஆபீஸில் இதற்காகவே திட்டு வாங்குகிறவள் நான்.

போனில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றை இறக்கினேன். சத்தத்தைக் கேட்டு முள்ளும் எண்ணும் காட்டும். முதல் பலி அம்மா. காசிமேட்டுக் கொட்டகையில் இறால் உரித்துவிட்டு வந்து, குழம்பு வைத்தபடி மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். போனை அவள் வாய்க்கருகே நீட்டினேன்.

"இன்னாடி இது, எதுக்கு என் வாயாண்ட எட்தாந்து வெக்கிற?"

"நீ பாடு, சொல்றேன்."

"கொழம்பு தீஞ்சிடும், போடீ அந்தாண்ட" என்று கரண்டியை ஓங்கினாலும் பாடினாள். முள் முப்பத்தைந்தில் நின்றது.

தெருவில் கூடையோடு உட்கார்ந்து மீன் விற்கும் அக்கா வாடிக்கையாளரைக் கூப்பிடும் குரலை, வஞ்சிரம் விலை கேட்கிற சாக்கில் அளந்தேன். இழுத்து முடிக்கிற இடத்தில் அதே முப்பத்தைந்து. பரம்பரை என்றால் அம்மாவும் நானும் சரி, மீன்கார அக்கா எப்படி? கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் தண்டவாளத்தை ஒட்டி வீடு வைத்திருக்கும் சின்னம்மாவிடம் பஸ் பிடித்துப் போனேன். அம்மாவின் சொந்தத் தங்கை. பாடச் சொன்னதும் வெட்கப்பட்டு, பிறகு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் பாடினாள். அவள் சுருதி பதினைந்தில் தொடங்கி எழுபதில் போய் முடிந்தது. வழியில் முப்பத்தைந்தைத் தாண்டிப் போனாளே தவிர நிற்கவில்லை. ஆக இரத்தம் இல்லை, தெரு.

விடை தற்செயலாகத்தான் கிடைத்தது. நான் பாட்டுப் போடும் இடம் வீட்டின் பின்சுவர். முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப். அந்தச் சுவர் எங்களுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் பொது. மீன்பிடி லாஞ்சுகளுக்குப் பெட்டி பெட்டியாக ஐஸ் போகிற இடம், மோட்டார் பகலிலும் இரவிலும் ஓடும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் எங்களுக்கு அது சத்தமே இல்லை. விருந்தாளிகள்தான் "என்னது உறுமுது?" என்பார்கள். அன்று செயலியை அணைக்காமல் போனைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் யாருமே பாடாத அறையில் முள் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. முப்பத்தைந்து. பக்கத்தில் ஓர் எண்: நொடிக்கு நூறு அதிர்வு.

சோற்றுக் கையோடு சுவரில் காதை வைத்தேன். என் ஆறு பாட்டுகளும் அதற்குள் இருந்தன.

நான் செய்துவந்த காரியம் அப்போதுதான் விளங்கியது. பதிவில் அடியில் ஓர் உறுமல் இருக்கும். அதைச் சாஃப்ட்வேரில் வெட்டி எறிந்துவிடுவேன், இரைச்சல்தானே என்று. இரைச்சல் போய்விடும், அதன்மேல் ஏறி உட்கார்ந்து பாடிய என் குரல் மட்டும் அங்கேயே அந்தரத்தில் நிற்கும். அதோடு ஒட்டவைக்க வாத்தியங்களையும் மேலே இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. மறுநாளே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. லாஞ்சுகள் கரையேறின, ஐஸ் வாங்க ஆளில்லை, மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அப்படி ஓர் அமைதி. அம்மாவே "இன்னாவோ காது அடச்சாப்ல கீது" என்றாள். எனக்கு வேறு பயம். இத்தனை நாளும் சுருதி சுவருடையது என்றால் சுவர் ஊமையானதும் என்னிடம் என்ன மிச்சம் இருக்கும்? பீரோவுக்குள் தலையை விட்டேன், பாடினேன். முப்பத்தைந்து. சந்தேகம் தீராமல் அடுப்படியில் நின்று பாடினேன். முப்பத்தைந்துதான். அங்கே நிற்கும்போது ஒன்று கவனித்தேன். நான் பாடாதபோதும் முள் லேசாக எழுந்து அதே இடத்தைத் தொட்டது. ஃப்ரிட்ஜ்.

ஐஸ் கம்பெனிக்கும் எங்கள் பழைய ஃப்ரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம்? அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் என் அண்ணன் அப்போதுதான் ஷிப்ட் முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். நிலக்கரி பெல்ட்டுப் பக்கம் வேலை, காதுமடல் வரைக்கும் கரி. நான் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான்.

"இன்னா பாப்பா, லவ்வா?"

விஷயத்தைச் சொன்னேன். பாதி கேட்டதும் கொட்டாவி விட்டான். "ரெண்டும் கரண்ட்லதானே ஓடுது? எங்க டர்பைனு நிமிசத்துக்கு மூவாயிரம் சுத்து சுத்தும். மீட்டரு அங்கியே நிக்கும், மேலயும் போவாது, கீழயும் வராது. எல்லா ஸ்டேஷனும் ஒன்னா சுத்தணும். ஒன்னு பிசகுச்சின்னா பேஜாராயிடும். இதுக்கு இன்னாத்துக்கு அதக் கட்டிப்புட்ச்சினு நிக்கிற? சோறு போடு."

மூவாயிரத்தை அறுபதால் வகுத்தேன். நொடிக்கு ஐம்பது. இரட்டித்தால் நூறு. இரட்டித்தால் சுரம் மாறாது, ஸ்தாயிதான் மாறும். கரண்டில் ஓடுகிற எல்லாமே அந்த ஒரே சுரத்தில்தான் முனகுகின்றன. சோறு போடாமல் நின்றுகொண்டே இருந்தேன், அண்ணன் தானே போட்டுக்கொண்டான்.

அடுத்த ஒத்திகையில் அறைக்குள் நுழைந்ததும் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. போனை ஏசிக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். பிறகு ஆம்ப்ளிஃபையருக்கு. "பாருங்க" என்றேன். கீபோர்டுக்காரர் பார்த்தார். முப்பத்தைந்து. என் போனை வாங்கிக்கொண்டு படியில் இறங்கிப் போனார். லிஃப்ட் மோட்டார், தண்ணீர் பம்பு, எதிர்க்கடை ஐஸ்கிரீம் பெட்டி எல்லாவற்றையும் அளந்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"இருபது வருஷமா இதுக்கு நடுவுலதான் வாசிக்கிறேன். கேட்டதே இல்லைங்க" என்றார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

கீபோர்டை என் பாட்டுகளுக்கு மட்டும் முப்பத்தைந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். கிடார்க்காரன் முனகிக்கொண்டே கம்பியை முறுக்கினான். ஒன்றை மட்டும் எச்சரித்தார் கீபோர்டுக்காரர். "முதல் பாட்டுல நாலு வரி நீங்க தனியா பாடி, அப்புறம்தான் நாங்க உள்ள வரோம். பத்துப் பங்கு பிசகினாலும் எங்க முதல் கட்டையிலேயே ஊருக்கே தெரிஞ்சிடும்."

நிகழ்ச்சி ஞாயிறு சாயங்காலம். சின்ன அரங்கு, அறுபது பேர் இருந்தால் அதிகம். அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தாள், அண்ணன் குளித்திருந்தான். நாலு வரியைத் தனியாகப் பாடினேன். கீபோர்டு உள்ளே வந்தது, ஒட்டியது. தப்பித்தோம் என்று நினைத்தேன். இரண்டாம் சரணம் தொடங்கியபோது பின்னால் யாரோ காபி மெஷினைப் போட, மெயின் ட்ரிப் ஆகிவிட்டது.

விளக்கு, ஸ்பீக்கர், ஏசி, கீபோர்டு எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. ஜன்னல் வழியாக வெயில் மட்டும் இருந்தது. என் வாழ்நாளில் நான் நின்ற இடங்களிலேயே நிஜமாக அமைதியான இடம் அதுதான். சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை, ஃப்ரிட்ஜ்கூட இல்லை. நிறுத்தியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இப்போது நிறுத்தினால் எனக்குக் காது இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே போய்விடும். மைக்கைக் கீழே இறக்கிவிட்டுத் தொடர்ந்து பாடினேன். சரணம் முழுவதும். அடுத்த பல்லவியும்.

சுருதி பிசகிய இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் காதில் விட்டுவிட்டு ஒரு துடிப்பு கேட்கும். எவ்வளவு பிசகோ அவ்வளவு வேகமாகத் துடிக்கும். பாடிக்கொண்டே அந்தத் துடிப்புக்காகத்தான் காத்திருந்தேன். யாரோ சுவிட்சைத் தூக்கிவிட்டார்கள். ஏசி முனகியது, ஸ்பீக்கர் உறுமியது, ஊருக்கெல்லாம் பொதுவான அந்தச் சத்தம் மெதுவாக என் குரலுக்கு அடியில் வந்து நின்றது.

துடிக்கவில்லை. ஒரு துளிகூட.

கீபோர்டு அணைந்து எழுந்ததில் தன் பழைய சுருதிக்கே போயிருந்தது. கீபோர்டுக்காரர் ஒரு கட்டையை மெல்லத் தொட்டார், முகத்தைச் சுளித்தார், பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கண்ணீர் கொட்டியது. மீதிப் பாட்டை அழுதுகொண்டே பாடினேன், இறங்காமல்.