‘பிரிங் அப்’ என்று எழுதிய கடதாசி

சண்டை திரும்பத் தொடங்கிய வருடம், என் ஆறு வயது மகளை லண்டனுக்குக் கூட்டிப்போகவென்று கணவரின் அக்கா எங்கள் ஊர் சண்டிலிப்பாய்க்கு வந்திருந்தார்.

“பிரச்சினை முடியுமட்டும் பார்த்துக்கொள்ளுறன் மச்சாள். பிறகு நீர் வந்து கூட்டிக்கொண்டு போம்” என்று ஓர் ஆங்கிலக் கடதாசியைக் கையெழுத்துக்கு நீட்டினார்.

நான் டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். ஆனாலும் மூத்தவரின் முன்னால் வாசித்துப் பார்த்தால் நம்பாததுபோல் ஆகிவிடும் என்று பேனையை எடுத்தேன். கையெழுத்து வைக்கும் இடத்துக்கு மேலேயே ‘பிரிங் அப்’ என்று இருந்தது. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள்வது, ‘பிரிங் அப்’ என்றால் வளர்த்து ஆளாக்குவது என்று முந்தின நாள்தான் வகுப்பில் விளக்கியிருந்தேன். முழுவதையும் வாசித்தேன். மகளை அவர்களே தங்கள் பிள்ளையாக வளர்ப்பதற்கு, நான் தாய் என்ற உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது.

“இதென்ன மச்சாள்?”

அவர் தம்பியைப் பார்த்தார். என் கணவர் நிலத்தைப் பார்த்தார்.

“உங்களுக்கும் தெரியுமோ?”

“ஓம். நீர் வாசிக்கமாட்டீர் எண்டு அக்கா சொன்னவ.”

மகளை அனுப்பவில்லை. செல் விழுந்து வெடிக்கிற சத்தத்துக்கு அவள் என் மடியில் பதுங்கும்போதெல்லாம், அனுப்பியிருக்கலாமோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. மூத்தவர் என்று நான் வைத்திருந்த மரியாதையை நம்பித்தான் அந்தக் கடதாசியை எழுதினார்கள் என்பதை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.