வடக்கே பார்த்த கல்

பல்கலைக்கழகத்து அறைக்குள் வந்ததும், கைப்பையைக் கதிரையில் வைப்பதற்கு முன் பத்மாதேவி மேசைக் கல்லைத் திருப்புவார். தேங்காயளவு கறும்பச்சைக் கல். அதன் முதுகில் மஞ்சள் பெயின்டால் ஓர் அம்புக்குறி. காலையில் மேசை துடைக்கும் அங்கம்மா அதை அவசரத்தில் எந்தப் பக்கமாவது வைத்துவிட்டுப் போயிருப்பார். அம்பு ஜன்னலின் இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் வடக்கு. அது பார்க்கும்வரை பேராசிரியருக்கு இருப்புக் கொள்ளாது. ஒருமுறை ஏதோ பேச வந்த பீடாதிபதி தேநீர்க் கோப்பையைக் கல்லின் மேல் வைத்துவிட்டார். "சேர், அது மேசை இல்லை" என்று கோப்பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார் இவர். அதன்பின் பீடாதிபதி அந்த அறையில் தேநீர் குடித்ததாகத் தகவல் இல்லை.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டிய வீட்டிலும் இதே கதைதான். புதிதாக ஓர் அலுமாரி வந்தாலும் அது எந்தத் திசை பார்க்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவார். கணவர் மகேந்திரராசா ஓய்வுபெற்ற கணக்காளர், கேலிக்குக் குறைவில்லாதவர். "நான் தாலி கட்டேக்கையும் வடக்கு எந்தப் பக்கம் எண்டுதான் இவ ஐயரைக் கேட்டவ" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். பத்மாதேவியும் சிரிப்பார், மறுக்க மாட்டார்.

என்ன ஆராய்ச்சி என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் இவருக்குக் கஷ்டகாலம். கண்டியில் பூகம்பம் வருமா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். "அது எனக்குத் தெரியாது" என்று இவர் சொன்னதும் முகம் விழுந்துவிடும். இவர் பார்ப்பது அதற்கும் அடியில் உள்ள சங்கதி. பூமியின் மேலோட்டுக்குக் கீழே மென்மூடி என்று ஓர் அடுக்கு உண்டு. மனிதன் எவ்வளவு தோண்டினாலும் எட்டாது. எப்போதாவது பூமியே அதில் ஒரு துண்டை மேலே தள்ளிவிடும். தென்கரையில் அப்படி ஒரு கல்மேடு இருந்தது, மேசைக் கல் உட்பட இவருடைய கற்களெல்லாம் அங்கே பெயர்த்தவை. அந்தக் கல்லை வெட்டி, ஒரு பக்கத்தால் ஒலியை அனுப்பி மறுபக்கத்தால் பிடிப்பார். கல்லுக்குள் பளிங்குகள் தலைமுடியை வாரிவிட்ட மாதிரி, பாறை நகர்ந்த போக்கிலேயே படுத்திருக்கும். ஒலியும் பூகம்ப அலையும் அந்தப் போக்கில் வேகமாக ஓடும், குறுக்கே போனால் சுணங்கும். வேகமான போக்கைக் கண்டுபிடித்தால், அந்த ஆழத்துப் பாறை ஆதியில் எந்தத் திசையில் நகர்ந்தது என்று சொல்லலாம்.

இந்தத் தீவின் கீழே அது வடகிழக்காக நகர்ந்தது. பத்மாதேவியின் முப்பது வருடங்களும் இந்த ஒரு வசனத்துக்குள் அடக்கம். வெளிநாட்டார் வரையும் படங்களில் இலங்கையின் மேல் நகத்தளவில் ஓர் அம்பு இருக்கும், அது இவர் போட்டது. இவரிடம் படித்த லவன் அந்த அம்பின் மேல் ஏறி நின்றுதான் கலாநிதிப் பட்டம் எடுத்தான், இப்போது மெல்பேர்னில் படிப்பிக்கிறான்.

இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை, கல்லைப் பெயர்ப்பதற்கு முன் அதன் மேல் வடக்கைக் குறித்துவிட வேண்டும். வடக்குப் பிழைத்தால் எல்லாம் பிழைத்தது. முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்: "கறுப்புக் கல்லுக்குள்ள இரும்பு இருக்கும். கிட்டக் கொண்டுபோனால் திசைகாட்டி ஊசியை இழுத்துப்போடும். வெயில் வரும்வரைக்கும் நிண்டு, நிழலை வைச்சு வடக்கைப் பிடியுங்கோ." ஆனால் கண்டியில் வெயிலுக்குக் காத்திருந்து யார் வேலை பார்ப்பது? ஹந்தானை மலைப் பக்கத்திலிருந்து எந்நேரமும் மப்பு வந்து மூடும். இங்குள்ள பாறைகள் பெரும்பாலும் ஊசியைத் தொந்தரவு செய்வதும் இல்லை. அதனால் இந்த மலையில் தொழில் பழகிய எல்லோருக்கும் கை முதலில் திசைகாட்டிக்குத்தான் போகும். பத்மாதேவிக்கும் அப்படித்தான்.

ஓய்வுபெற ஒரு வாரம் இருக்கையில் ஆய்வுகூடத்து ஸமீம் பெரிய பொதி ஒன்றோடு வந்தார். இவரோடு கூடவே நரைத்தவர். பொதிக்குள் சட்டம் போட்ட பழைய போட்டோ. தென்கரைக் கல்மேட்டில் இளம் பத்மாதேவி தூரிகையோடு நிற்கிறார். காலடிப் பாறையில் அப்போதுதான் போட்ட மஞ்சள் அம்பு.

"மெடத்துக்குச் சொல்லாமப் பெருசாக்கினேன்" என்றார் ஸமீம். "நெனவு ஈக்கா? மார்கழி மாசம். வெயில்ல மண்டை வெடிச்சிச்சி. லுஹர் பாங்கு சொல்லி முடிஞ்ச கையோட எடுத்தது. தொழப் போற அவசரத்துல சரியாக் கூடப் புடிக்கல்ல."

பத்மாதேவி சிரித்தபடிதான் பார்த்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண் நின்றுவிட்டது. லுஹர் பாங்கு சூரியன் உச்சி சாய்ந்ததும் பள்ளிவாசலில் சொல்லும் தொழுகை அழைப்பு. மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கி நிற்கும். அந்த நேரத்தில் நிழல் நேர் வடக்கே விழும். படத்தில் அவருடைய நிழல் பாறையில் கறுப்பாக விழுந்திருந்தது. அம்பு அதற்குக் குறுக்கே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. சின்னப் படமாக இருந்தவரையில் நிழலையும் அம்பையும் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

"நல்ல வடிவாய் இருக்கு, ஸமீம்" என்றார்.

ஸமீம் போனதும் மேசை லாச்சியை இழுத்துத் திசைகாட்டியை எடுத்து மேசைக் கல்லின் அருகே நகர்த்தினார். ஊசி நின்றது, பிறகு மெல்லத் தலையைத் திருப்பியது. ஒரு துண்டுக்கே இப்படியென்றால் முழு மேடும் என்ன செய்திருக்கும்? உச்சி வெயில் தலையைக் கொளுத்த, தன் நிழலின் மேலேயே நின்றுகொண்டு, கண்டிப் பழக்கத்தில் ஊசியைப் பார்த்து வடக்குப் போட்டிருக்கிறார். ஊசி ஆடாமல் நின்றதால் நம்பியிருக்கிறார். எல்லாக் கல்லிலும் ஒரே அளவு பிழை என்றாலாவது கழித்துவிடலாம். கல்லுக்குக் கல் வேறு. திரும்பப் போய்க் குறிக்கவும் வழியில்லை. அந்த மேட்டை எப்போதோ உடைத்து வீதிக்குப் போட்டாயிற்று.

அன்று இரவுச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "என்னப்பா, சுகமில்லையோ?" என்றார் மகேந்திரராசா.

"வடக்குப் பிழைச்சுப் போச்சு."

வழக்கமான கேலி வாய்வரை வந்திருக்க வேண்டும். மனைவியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டார். முழுவதையும் கேட்டுமுடித்துத் தண்ணீர்க் கிளாசை மனைவியின் பக்கம் நகர்த்தினார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதை ஆரப்பா பாக்கப்போகினம்? பேசாமல் இரும்" என்றார்.

"நான் பாத்திட்டன்" என்றார் பத்மாதேவி.

சொல்லிவிடலாம். சொன்னால் தன் அம்போடு லவனுடைய ஆய்வும் விழும். சொல்லாமல் விட்டால், உலகப் படத்தில் அந்தப் பொய் தன் பெயரோடு இருந்துகொண்டே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மனம் விட்டுப்போயிற்று. அந்த ஆழத்துப் பாறை எந்தத் திசையில் நகர்ந்தது? தெரியாது. முப்பது வருடத்துக்கு முன்பும் அதுதான் பதில்.

மறுநாள் கல் மேசையில் கோணலாகக் கிடந்தது. பத்மாதேவி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கதிரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் புதுப் படம். பிளேன்டீ கொண்டுவந்த ஸமீம் கல்லைக் கண்டார்.

"அங்கம்மா இன்டைக்கும் கோணலா வெச்சீக்கி" என்று கோப்பையை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கல்லைப் பக்குவமாகத் திருப்பினார். அம்பு ஜன்னலின் இடது ஓரத்தைப் பார்க்கிறதா என்று குனிந்து சரிபார்த்தார். திருப்தியோடு கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

காலடி ஓசை அடங்கும்வரை பத்மாதேவி காத்திருந்தார். பிறகு ஆவி பறந்த கோப்பையை எடுத்து, அம்பின் மேல் வைத்தார்.