இரண்டாவது வடை

குண்டாக இருப்பவன் விருந்துக்குப் போனால் இரண்டு விஷயங்கள் நடக்கும். முதலில், வேண்டாம் வேண்டாம் என்று கையால் தட்டை மறைத்தாலும் கேட்காமல் இன்னொரு கரண்டி வைப்பார்கள். "உங்க ஒடம்புக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?" என்பார்கள். அவர்கள் மனம் நோகக்கூடாதே என்று அதையும் சாப்பிட்டு முடித்தால், "கொஞ்சம் வாயக் கட்டுங்க தம்பி, கல்யாணம் ஆக வேண்டிய வயசு" என்பார்கள். இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். நடுவில் மோர் சாதம் சாப்பிடக்கூட நேரம் விடமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் நான் இந்த உபசாரத்தில் வாராவாரம் மாட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் தனியாக இருக்கும் பையன்கள் என்று குடும்பஸ்தர்கள் இரக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். நானும் என் ரூம்மேட்டும் போவோம். அவன் கோவில்பட்டிக்காரன், நான் ஈரோடு. இருவருக்கும் ஒரே ஆபீஸ், ஒரே மாதிரி நாற்காலி, போக வர ஒரே கார். ஆனால் அவனைப் பக்கவாட்டில் பார்த்தால் பெல்ட் மட்டும்தான் தெரியும். என்னை எந்தப் பக்கம் பார்த்தாலும் நான் தெரிவேன்.

அவன் சாப்பிடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குக்கரில் மிஞ்சிய சாதத்தைச் சாம்பார்ப் பாத்திரத்திலேயே கொட்டி, அதிலேயே பிசைந்து சாப்பிடுவான். அதற்கு மேல் தயிர் டப்பாவைக் கவிழ்ப்பான். பிறகு டிவி பார்த்துக்கொண்டே ஒரு பாக்கெட் மிக்சரைக் காலி செய்வான். ஊரிலிருந்து யாராவது மைசூர்பாகு கொண்டுவந்தால் மறுநாள் டப்பாவில் நெய் வாசனை மட்டும் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அவனைப் பார்க்கவே மாட்டார்கள். அவனும் பக்கத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளையாக நிற்பான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் காற்றைக் குடித்து வாழ்ந்தவன் இல்லை. பரோட்டா பிடிக்கும், தேங்காய் பர்பி பிடிக்கும். கூடுதலாகச் சாப்பிட்டால் உடம்பு ஏறும் என்பதும் தெரியும். ஆனால் மற்றவர்கள் சாப்பிடும் அளவுதான் நானும் சாப்பிட்டேன். அவர்கள் உடம்பில் தங்காதது என் உடம்பில் குடும்பத்தோடு குடியேறியது. எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் அப்பா, பெரியப்பா, அத்தைகள் எல்லோரும் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத்தான் நிற்பார்கள். ஃபோட்டோக்காரர் எவ்வளவு பின்னால் போனாலும் முழுக் குடும்பமும் அடங்காது. இதைச் சொன்னால், தின்றுவிட்டுச் சாக்குச் சொல்கிறான் என்பார்கள். டாக்டரிடம் போனேன். சோடாவையும் ஹாம்பர்கரையும் குறைக்கச் சொன்னார். இரண்டையும் நான் தொட்டதே இல்லை. இல்லாததை எப்படிக் குறைப்பது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவரும் நம்பவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழா, ஏரிக்கரைப் பூங்காவில். கார் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டிக்கு டயர் பஞ்சர். ஆண்கள் நான்கு பேர் சுற்றி நின்று யாருக்கு ஃபோன் பண்ணலாம் என்று ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்தாள், துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள், ஜாக்கியைப் போட்டாள். கழற்றிய நட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்குக் கிடைத்தது. டெக்சாஸில் எம்.எஸ். முடித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்திருந்தாள், அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். பூசினாற்போல இருப்பாள். வேலை முடிந்ததும், "தேங்க்ஸ், ஒண்ணுகூட தொலைக்காம வெச்சிருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ரூம்மேட்டிடம் சொல்லிவிட்டேன், கட்டினால் இவளைத்தான் என்று.

அவன் காரியக்காரன். விழா நடத்திய வீட்டு ஆன்ட்டி மூலம் பேச்சை ஆரம்பித்தான். இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் ஆட்சேபணை இல்லை. ஜாதகம்கூடப் பொருந்திவிட்டது. அவளும் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள். தடுத்தவர் அக்காவின் கணவர். அவர் டென்னிஸ் ஆடுகிறவர், வயிறு தட்டையானவர். அந்த விழாவில் என் இரண்டு கைகளிலும் இரண்டு தட்டு பிரியாணி இருந்ததைப் பார்த்திருக்கிறார். ஒன்று வாலிபால் ஆடப் போயிருந்த என் ரூம்மேட்டுக்கு. அது அவருக்கு எப்படித் தெரியும்? "பையன் சரியான சாப்பாட்டு ராமனா இருக்கான். வாயைக் கட்ட முடியாதவன் குடும்பத்தை எப்படிக் கட்டிக் காப்பாத்துவான்?" என்று சொல்லியனுப்பினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் சம்பளத்தைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, மூக்கைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக் குணத்தை எழுதிவிட்டார் மனுஷன். அந்தக் கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. அவளும் அப்படியே நினைத்துவிட்டால்?

ரூம்மேட்டுக்கு என்னைவிட அதிகம் ரோஷம் வந்துவிட்டது. அவன் தட்டுதானே இந்த வம்புக்கே காரணம்.

"மாப்ள, டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். இன்னையிலேர்ந்து நீ போட்டுக்கிறத நான் சாப்புடுதேன். நான் போட்டுக்கிறத நீ சாப்புடு. எவன் குண்டு ஆவான்னு பாப்போம்" என்றான்.

வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. இரண்டு சாஃப்ட்வேர்காரர்கள் ஒரே அறையில் இருந்ததன் விளைவு. தினமும் அவரவர் பசிக்கு அவரவர் தட்டில் போட்டுக்கொள்வோம், பிறகு தட்டைத் தள்ளி மாற்றிக்கொள்வோம். முதல் வாரத்திலேயே எனக்கு நெஞ்செரிச்சல். அவன் தட்டில் இருந்த சோற்று மலையின் பாதியில் நான் கையைத் தூக்கிவிடுவேன். அவனோ என் தட்டை நாலு வாயில் முடித்துவிட்டு, பரிதாபமாக என் பக்கம் பார்ப்பான். ஆபீசில் பதினோரு மணிக்கே நொறுக்குத்தீனி விற்கும் வெண்டிங் மெஷின் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான் என்று கேள்விப்பட்டேன். கடைசியில் என் எடை கொஞ்சம் ஏறியது. அவன் எடை அசையவே இல்லை. ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"என்னால முடியல மாப்ள. நீ சாப்புடுதத மட்டும் சாப்புட்டா எனக்குக் கண்ண இருட்டிட்டு வருது. இத வெச்சுட்டு நீ எப்பிடி நடமாடுத?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குச் சொல்லாமல் அக்கா கணவருக்கு ஃபோன் பண்ணிவிட்டான். "சார், நான் கூடவே இருக்கேன், தப்பா நினைச்சுட்டீங்க. அவன் ஒண்ணுமே சாப்பிடறதில்ல சார். கோழி கொறிக்கிற மாதிரி கொறிப்பான்" என்று வக்கீல் மாதிரி வாதாடியிருக்கிறான். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப ஏதோ வியாதி இருக்கணுமே? தைராய்டு எல்லாம் செக் பண்ணினாங்களா?" என்று கேட்டாராம்.

சாப்பிட்டால் பேராசைக்காரன், சாப்பிடாவிட்டால் நோயாளி. மனுஷனாக இருக்க மட்டும் எனக்கு வழியில்லை. எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்று அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் பார்க்கப் போவான். இங்கே ஒருவன் சாப்பிடுவதைப் பார்க்கப் பெண் வீட்டார் ஏற்பாடு செய்தார்கள்.

"வீட்டுலயே கொஞ்சம் சாப்புட்டுட்டுப் போ" என்றான் ரூம்மேட். "அங்க போயி கம்மியா சாப்பிடலாம்."

"கம்மியா சாப்பிட்டா நடிக்கறான்னு சொல்லுவாருடா."

"அப்ப நெறைய சாப்புடு."

அவனை ஒரு முறை முறைத்துவிட்டுக் கிளம்பினேன்.

புது வீடு. கார்ப்பெட் வாசனை இன்னும் போகவில்லை. டைனிங் டேபிளில் நால்வருக்குத் தட்டு வைத்திருந்தது. எனக்கு எதிரே அவள். நெற்றியோரம் முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. விரல் நுனியில் எண்ணெய் தெறித்த சிவப்பு. டயர் மாற்றியபோது இருந்த மிடுக்கு இல்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அக்கா பரிமாறினார். எனக்குச் சாதம் குவிந்தது, உருளைக்கிழங்கு வறுவல் குவிந்தது. போதுங்க, போதுங்க என்று தட்டின் மேல் கவிழ்ந்தேன். அக்கா விடுவதாக இல்லை. எதிர்ப்பக்கம் அக்காவின் கணவர் கரண்டியைக் கண்ணாலேயே தொடர்ந்துகொண்டிருந்தார்.

வடை வந்தது. எனக்கு ஒன்று விழுந்தது. அவருக்கு ஒன்று விழுந்தது. அவள் தட்டைத் தாண்டிப் போய்விட்டது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தட்டில் ஒரு பிடி சாதம், கொஞ்சம் கோஸ் பொரியல். ரசம் ஊற்றியபோதும் சாதம் வைக்கவில்லை. பாயசக் கிண்ணம் மூன்றுதான் இருந்தது. அக்கா தானாகவே எனக்கு விளக்கம் சொன்னார், "அவளுக்கு வேண்டாம் தம்பி, டயட்ல இருக்கா. வாய விட்டா அவ்வளவுதான், ஊதிருவா."

அவள் நிமிரவில்லை. அந்தக் குனிந்த தலை எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. எத்தனையோ பந்திகளில் நானும் அப்படிக் குனிந்திருக்கிறேன். அதற்குள் என் தட்டில், நான் கையை வைத்து மறைத்தும், சந்து பார்த்து இரண்டாவது வடை விழுந்தது. அக்காவின் கணவர் லேசாகச் சிரித்தார்.

இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் பொங்கிவிட்டது.

"அக்கா, எனக்கு வேண்டாம்னு நானே சொன்னேன், நீங்க கேக்கல. அவங்களுக்கு வேணுமான்னு யாராவது கேட்டீங்களா?"

குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. கல்யாணம் முடிந்தது போ, எழுந்து கை கழுவ வேண்டியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கை நீண்டது. மேஜையைத் தாண்டி வந்து, என் தட்டில் இருந்த இரண்டாவது வடையை எடுத்தது.

"அய்யய்யோ, எச்சித் தட்டுடி!" என்று அக்கா அலறினார். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருத்தர் கை வைத்த தட்டிலிருந்து இன்னொருத்தர் எடுத்துச் சாப்பிடுவது என்றால், அது தாயும் பிள்ளையுமாக இருக்க வேண்டும், இல்லை தாலி கட்டியிருக்க வேண்டும். அவள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு கடி கடித்தாள்.

"காலையிலேர்ந்து உளுந்து அரைச்சு, அடுப்புக்கிட்ட நின்னு இத சுட்டது நான்" என்றாள். "உப்பு சரியா இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது."

அக்காவின் கணவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ரச சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார். அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு போய் இன்னொரு கிண்ணம் எடுத்துவந்து பாயசம் ஊற்றி, தங்கை பக்கத்தில் வைத்தார். அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. கெட்டவர் இல்லை. தங்கைக்கு நல்லது செய்வதாகத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பும்போது அவள் காரடிவரை வந்தாள். கையில் அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலம், ரூம்மேட்டுக்கு வடை. நான் கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றேன்.

"மாமா கேக்கச் சொல்லல, நானாத்தான் கேக்கறேன்" என்றாள். "நிஜமா எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"எல்லாரும் சாப்பிடற அளவுதாங்க. சத்தியமா."

இனி வழக்கமான சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நானும் அவ்வளவுதான்" என்றாள். "சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். எங்க அம்மாகூட நம்பினதில்ல."

"நான் நம்பறேன்" என்றேன்.

அவள் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நானும் நம்பறேங்க."