தூணில் தட்டும் சத்தம்

இன்று விடிகாலையில் அடுக்குமாடி வராந்தாவில் யாரோ கைத்தடி ஊன்றி நடந்து வந்தார்கள். அந்தச் சத்தம் என்னை, சிறுவயதில் டத்தோ கிராமாட்டில் நாங்கள் இருந்த வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் சிறுமி. துறைமுக வேலையை விட்டு ஓய்ந்திருந்த பெரியப்பா எங்களோடுதான் இருந்தார். பக்கத்துத் தெருக் காதர் பாய் தினமும் வந்து, எங்கள் வாசல் அஞ்சடி நடைபாதையின் தூணைத் தடியால் தட்டுவார். "வந்துட்டேன் பாய்!" என்று பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவார். கடற்கரை வரை நடந்து, வழியில் பசியாறிவிட்டு, வேர்வையும் சுருட்டு வாசமுமாகத் திரும்புவார்.

காதர் பாய் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு பெரியப்பா படுக்கையை விட்டு எழவே இல்லை.

"கொஞ்சம் நடங்கலா அண்ணே, காலு முடங்கிடும்" என்று அப்பா கெஞ்சுவார்.

"காலுக்கு ஒண்ணும் இல்லடா."

ஒருநாள் அப்பா விறகுக் கட்டையால் தூணைத் தட்டினார். பெரியப்பா சட்டையோடு வாசலுக்கு ஓடி வந்தார். அப்பாவைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

இன்று கேட்ட தடிச் சத்தமும் என் கதவைத் தாண்டிப் போய்விட்டது. நடப்பதற்கென்று மகள் வாங்கித் தந்த சப்பாத்தை இதுவரை நான் தொட்டதே இல்லை. குனிந்து பார்த்தால், என் ஒரு கால் அந்தச் சப்பாத்துக்குள் நுழைந்திருந்தது.