எலுமிச்சைக் கோடு

எலுமிச்சைத் தோல் வேகவைத்த தண்ணீரை மகள் அடுப்படியில் தெளித்தாள். எறும்பு வராதாம். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவைத்தேன்.

சின்ன வயதில், சாத்தூரில் அம்மா தீப்பெட்டி கம்பெனிக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்று யாரும் வந்து விசாரித்துவிடக் கூடாது. பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது என் வேலை. லேபிள் பறக்குமென்று ஃபேன் போட முடியாது. மைதாப் பசைக்கு எறும்பு வராமலிருக்க, இதே தண்ணீரால் நிலைப்படியில் கோடு இழுத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் சில எறும்புகள் உள்ளே மாட்டிக்கொண்டன. கோடு வரை போய்ப் போய்த் திரும்பின. ஈரத்துணியால் ஒரு விரலகலம் துடைத்து வழிவிட்டேன். போனவை கூட்டத்தோடு திரும்பி வந்து பசைச் சட்டியை மொய்த்தன.

சாயங்காலம் அம்மா பார்த்தாள். "கோட்ட எதுக்குடி அழிச்ச?"

"அதுக வெளிய போகத் தவிச்சிச்சும்மா."

அம்மா அடிக்கவில்லை. மறுநாள் கோட்டை இரண்டு தடவை இழுத்தாள். பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

"கதவத் திறந்து போட்டா எறும்பு வரும்லம்மா" என்றாள் மகள், அடுப்படியிலிருந்து.

"வரட்டும்."