கத்தரி படிந்த பக்கம்

என்னிடம் இருக்கும் பழைய ஆங்கில–தமிழ் அகராதியில் ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணெய்க் கறை, கத்தரிக்கோலின் வடிவத்தில். அதனடியில் இருக்கும் சொல் ஸ்டிரைக்.

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். தூத்துக்குடியில் மூட்டை சுமந்து, இருபத்தாறு வயதில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாம் மாதமே கூலி உயர்வுக்காக ஸ்டிரைக். கேட்டுக்கு எதிரே கொட்டகை போட்டோம். துணி வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு சொந்தக் கத்தரி. அடுத்தவர் கை பட விடமாட்டார்கள். யாரும் திருட்டுத்தனமாக உள்ளே போய் வெட்டிவிடக் கூடாதென்று எல்லாக் கத்தரிகளையும் சாக்கில் கட்டித் தொங்கவிட்டு, என்னைக் காவல் வைத்தார்கள்.

பகலெல்லாம் சும்மாதான் இருந்தோம். துணி வெட்டுகிறவர்களில் மூத்தவரான கட்டிங் மாஸ்டர், நான் கூடவே வைத்திருந்த அகராதியைப் படிக்கச் சொல்வார். அடிப்பது, மணி ஒலிப்பது, தீக்குச்சி உரசுவது, கூடாரம் பிரிப்பது என்று ‘ஸ்டிரைக்’ மட்டுமே அரைப் பக்கம் ஓடியது. “ஒரு வார்த்தைக்கு இத்தனை வேலையா? மொதல்ல அதுக்குக் கூலி ஒசத்தோணும் தம்பி” என்றார். அகராதியில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். அந்தக் காலத்து மாலுமிகள் பாயை இறக்கிக் கப்பலை நகரவிடாமல் நிறுத்தினார்களாம். வேலை மறுப்புக்கு அந்தப் பேர் அப்படித்தான் வந்தது என்று துறைமுகத்தில் ஒரு கப்பல் சமையல்காரர் சொல்லியிருந்தார். மாஸ்டருக்கு அது பிடித்துப் போயிற்று.

பதினோராம் நாள் காலை எண்ணியபோது ஒரு கத்தரி குறைந்தது. மாஸ்டருடையது. அவரையும் காணவில்லை. விடியும் நேரம் நான் தூங்கிவிட்டிருந்தேன். தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன் என்று பொய் சொன்னேன். அவர் பின்வாசல் வழியாக உள்ளே போய் வெட்டுகிறார் என்று யாரோ கிளப்பிவிட, கருங்காலி என்ற சொல் கொட்டகை முழுக்கப் பரவியது. சிலர் கொட்டகைக் கம்புகளைப் பிடுங்கினார்கள்.

உச்சி வெயிலில் காங்கேயம் பஸ்ஸிலிருந்து மாஸ்டர் இறங்கி வந்தார், கையில் துணிப் பொட்டலத்தோடு. அமாவாசைதோறும் அங்கே ஒருவரிடம் சாணை பிடித்து எண்ணெய் போட்டுக்கொண்டு வருவது அவர் வழக்கமாம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

“ஸ்டிரைக்குல சாணை எதுக்குங்க?” என்று சங்கத் தலைவர் மறித்தார்.

“வேலையத்தானுங்க நிறுத்தியிருக்கு. துரு நிக்குமுங்களா?”

“காவக்காரன் தண்ணி குடிக்கப் போன நேரம் பாத்து எடுத்திருக்கறீங்க.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அகராதிப் பக்கத்தில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

“ஆமாங்க. தம்பி தண்ணி குடிக்கத்தான் போயிருந்தாப்ல. சொல்லாம எடுத்தது என்னோட தப்புங்க.”

என் முன்னால் விரித்துக் கிடந்த அகராதியின் மேல் கத்தரியை வைத்தார். “பாயை எறக்கியாச்சுங்க. இனி அடிக்கறதுன்னா அடிங்க.”

ஒவ்வொரு கம்பாகத் தாழ்ந்தது. ஸ்டிரைக் முடிந்து வேலை தொடங்கிய மறுவாரமே நான் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். அதுவரை நான் தூங்கிப்போன பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அதன்பின் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ சாமான்களை விற்றுத் தின்றிருக்கிறேன். இந்தப் புத்தகத்தை விற்கவில்லை. கறை பட்ட இடத்தில் தாள் கண்ணாடி போலாகி, பின்பக்கத்து எழுத்தெல்லாம் தெரிகிறது.