வெள்ளி நாலு, வெண்கலம் ஒன்று

என் வாப்பா உதுமாலெவ்வை தன் ஆயுளில் ஓடியதே இல்லை. மழை கொட்டினாலும் பள்ளிவாசலில் இருந்து நடந்துதான் வருவார். ஒருமுறை கடைக்குப் பின்னால் வைக்கோல் தீப்பிடித்தபோதும் நடந்துதான் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் அடுத்த வளவுக்காரர்கள் அணைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு ஓட்டக்காரர்கள் மீது பிடித்த பைத்தியத்தை நான் என்னவென்று சொல்ல. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த வீட்டில் மகளாக இருந்து பார்த்தால் சிரிப்பு வராது.

ஏறாவூர்ச் சந்திக்குப் பக்கத்தில் எங்கள் கடை. அரிசி, கருவாடு, சாறன், மண்ணெண்ணெய் எல்லாம் இருக்கும். கடைக்குப் பின்னால் அதே வளவில் வீடு. அரைக் கொத்து அரிசி வாங்க வந்தவனும் வாப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. "நீ சொல்லு பாப்பம், அசனார் பெரிசா மஜீட் பெரிசா?" என்பார். அவன் எதைச் சொன்னாலும் வாப்பா மற்றதைச் சொல்வார். அரிசி தராசிலேயே கிடக்கும். உம்மா உள்ளே இருந்து, "அந்த மனிசன்ட பானை அடுப்பில கொதிக்கிது, அரிசியைக் குடுத்து அனுப்புங்க" என்று சத்தம் போட்ட பிறகுதான் அவன் தப்பிப்பான்.

அசனார் எங்கள் ஊர்ப் பிள்ளை. விடியற்காலையில் வாவி மீனைக் காவுதடியில் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புச் சந்தைக்கு ஓடுவது அவருடைய தொழில். வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும் என்பதால் ஓடித்தான் ஆகவேண்டும். அப்படி ஓடிப் பழகிய கால்கள், வெள்ளைக்கார அரசாங்கம் வருஷா வருஷம் நடத்திய எம்பயர் டே ஓட்டத்தில் யாரையும் முன்னால் விடவில்லை. அந்த ஓட்டம் மட்டக்களப்பில் ஏஜண்டு துரையின் அலுவலகமான கச்சேரி வாசலில் தொடங்கி, தன்னாமுனை தாண்டி, எங்கள் சந்தியில் முடியும். நாலு வருஷம் தொடர்ந்து அசனார்தான் முதலாவது. அங்கே முதற் பரிசே வெள்ளிதான். ஏஜண்டு துரை கையால் நாலு வெள்ளி மெடல்.

மஜீட் ஓட்டமாவடியைச் சேர்ந்தவர். அவர் எங்கள் ஓட்டத்துக்கு வந்ததே இல்லை. ரயிலேறிக் கொழும்புக்குப் போய், அகில இலங்கைப் போட்டியில் மூன்று மைல் ஓடி, மூன்றாவதாக வந்து, கவர்னர் கையால் ஒரு வெண்கல மெடல் வாங்கி வந்தவர். ஒன்றே ஒன்று. அதோடு சரி.

நாலு வெள்ளி பெரிதா, ஒரு வெண்கலம் பெரிதா? முப்பத்தாறு, முப்பத்தேழாம் ஆண்டுகளில் எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. வாப்பாவுக்கு ஈடு கொடுக்க ஒரு ஆள் இருந்தார். தன்னாமுனைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நல்லரத்தினம் வாத்தியார். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் சைக்கிளில் பத்திரிகையைச் சொருகிக்கொண்டு வந்துவிடுவார். தேத்தண்ணீர் வைத்து வைத்து எனக்குக் கை ஓய்ந்துபோகும்.

"நாலு வருஷம் ஒருத்தன் தோக்காம ஓடுறது லேசான காரியமா, முதலாளி? ஒரு நாளைக்கு நல்லா ஓட ஆருக்கும் ஏலும்" என்பார் வாத்தியார்.

"அவன் ஆரை வெண்டவன்? நம்மட தோணிக்காரனையும் மீன்காரனையும். மஜீட்டுக்குப் பின்னால வந்தவன் பொலிஸ்காரன், பட்டாளத்துக்காரன். ஆரை வெண்ட எண்டதில இரிக்கி மெடல்ட மரியாதை."

"முன்னாலயும் ரெண்டு பேர் போயிரிக்கிறாங்களே, அதையும் சொல்லுங்க."

"கவர்னர்ட கை, வாத்தியார். கவர்னர்ட கை."

"கையா ஓடினது? காலெல்லோ ஓடினது."

இதிலாவது ஒருவர் ஒரு பக்கம் நின்றால் பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா வெள்ளிக்குப் பேசுவார், வாத்தியார் வெண்கலத்துக்குப் பேசுவார். போன கிழமை தான் சொன்னதையே மற்றவர் சொல்கிறாரே என்ற நினைப்புக்கூட இரண்டு பேருக்கும் இருக்காது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் மண்டை வெடிக்கும்.

உம்மாவிடம் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. "வெள்ளியெண்டா உருக்கிப் புள்ளைக்கு அரைஞாண் செய்யலாம். வெண்கலத்தில என்ன செய்யிற? வெத்திலை துப்பப் படிக்கம் செய்யலாம், அவ்வளவுதான்."

இந்தப் பைத்தியம் கடையோடு நின்றிருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்கவே மாட்டேன். எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கினார்கள். வளவின் ஓரத்தில் எனக்கென்று வீடு கட்டி ஓடும் போட்டாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். அதனால் மாப்பிள்ளை தேடிப் போவதும் பெண் வீட்டார்தான். வாப்பா யாரைத் தேடுவார் என்று ஊருக்கே தெரியும். இரண்டு ஓட்டக்காரர்களில் ஒருவரை மருமகனாக்காமல் விடுவதில்லை என்று நின்றார். அசனாரின் வீட்டிலும் விருப்பம், மஜீட்டின் வீட்டிலும் விருப்பம். மிச்சம் இருந்தது ஒன்றுதான். இருவரில் பெரியவர் யார் என்று வாப்பா முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு அசனாரைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஒருநாள் சந்தையில் இருந்து திரும்பும் வழியில் வேலியடியில் நின்று தண்ணீர் கேட்டார். கிடுகு இடுக்கால் செம்பை நீட்டினேன். குடித்து முடித்து, செம்பைத் திருப்பித் தரும்போது சொன்னார்:

"கடைப்பக்கமும் தண்ணி கேக்கலாந்தான். உங்கட வாப்பா தண்ணி தர முந்தி, கச்சேரியடியில இருந்து இஞ்ச வர எவ்வளவு நேரம் எடுத்த எண்டு கேக்கிறார். மறுகா விட மாட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது அவருக்கும் கேட்டிருக்கும். இந்த மனிதரோடு ஒரு வீட்டில் இருந்தால் வாப்பாவின் வாயைக்கூடத் தாங்கிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

உம்மாவிடம் சொன்னேன். உம்மா வாப்பாவிடம் சொன்னார். "புள்ளைக்கு அசனாரைப் புடிச்சிரிக்கி. பேசி முடியுங்க."

"புடிக்கிறது வேற, தரம் வேற" என்றார் வாப்பா. "ஊர் ஓட்டத்தில வெண்டவனை எடுத்துட்டன் எண்டு நாளைக்கு ஓட்டமாவடியான் சிரிக்க மாட்டானா?"

"அப்ப மஜீட்டைப் பேசுங்களன்."

"மூண்டாம் இடத்தான் எண்டு நம்மட ஊரான் சிரிப்பான்."

உம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கு இரிக்கிறது ஒரு புள்ள. ரெண்டு பேருக்கும் குடுக்க இன்னொண்டு பெத்துத் தரட்டா?"

ஒரு நோன்பு வந்து போனது. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. என்னோடு குர்ஆன் ஓதிய பிள்ளைகள் எல்லாம் தொட்டிலாட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுச் சுவர்களுக்கு அடித்த சுண்ணாம்பு மழையில் கரைந்து, மறுபடியும் அடித்தார்கள். அப்போதும் வெள்ளிக்கிழமைகளில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் வாப்பாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. அதைச் சொல்லவே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அசனாரின் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். இந்த வருஷம் மகன் கொழும்புப் போட்டிக்குப் போகட்டும், போக்குவரத்துச் செலவை நான் பார்க்கிறேன், ஏதாவது ஒரு மெடல் கொண்டு வரட்டும், வந்த கிழமையே நாள் குறிப்போம் என்று.

அசனாரின் உம்மா நஸீறா மரியாதையான மனுஷி. ஒரு சுடுசொல் சொல்லிக் கேட்டதில்லை. அவர் போன ஆளிடம் சொல்லியனுப்பியது இது:

"நான் பெத்தது மாப்பிள்ளையை. பந்தயக் குதிரை வேணுமெண்டா வேற இடத்தில பாக்கச் சொல்லுங்க."

அடுத்த மாதமே காத்தான்குடியில் இருந்து அசனாரைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். நெசவுக்காரர்கள். தொழுவாரா, உழைப்பாரா என்று இரண்டு கேள்வி கேட்டார்களாம். மெடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்து நாளில் நிக்காஹ் முடிந்தது. அசனார் தன் உடுப்புகளோடு காத்தான்குடிப் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியேறினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உம்மா என்னைத் தேற்ற வரவில்லை. அவர் அடுப்படியில் இருந்து அழுதார்.

வாப்பா அவசரமாக ஓட்டமாவடிக்கு ஆள் அனுப்பினார். அங்கே மஜீட்டின் வாப்பா, "உதுமாலெவ்வை முதலாளி முடிவெடுக்கிறதுக்குள்ள என்ட மகனுக்குத் தாடி நரைச்சிரும்" என்று சொல்லிவிட்டாராம். அவரும் மகனுக்கு வாழைச்சேனையில் கல்யாணம் பேசி முடித்திருந்தார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாப்பாவுக்குத் தெரியவில்லை. அதைவிடக் கொடுமை என்னவென்றால், அவர் அதற்காக ஒருநாள்கூட வருத்தப்பட்டதாகக் காட்டவில்லை. "நல்ல மாப்பிள்ளை வருவான்" என்றார். வெள்ளிக்கிழமை வாத்தியார் வந்தார். பேச்சு விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது.

அடுத்த எம்பயர் டே வந்தது. இந்த முறை மஜீட்டும் ஓடுகிறார் என்று செய்தி. வெள்ளியா வெண்கலமா என்ற பேச்சு ஓட்டமாவடி வரைக்கும் போய் அவருக்கும் சலித்துப் போயிருக்க வேண்டும். வந்து ஓடி இதை முடித்துவிடுகிறேன் என்றாராம். வாப்பாவுக்கு முதல்நாளே சோறு இறங்கவில்லை. என் கல்யாணப் பேச்சில் ஒருநாளும் சோறு இறங்காமல் இருந்ததில்லை.

மேற்கே இருந்து வந்த கச்சான் காற்று புழுதியை வாரி அடித்தது. வாப்பாவும் வாத்தியாரும் கடை முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். நான் வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். சந்தியில் சத்தம் கேட்டதும் கால் தானாக வேலியடிக்குப் போய்விட்டது.

முதலில் வந்தது அசனார். தனியாக வந்தார். அவருக்குப் பின்னால் தெரு வெறுமையாகக் கிடந்தது. நெடுநேரம் கழித்துத்தான் மஜீட் வந்தார், வாய் பிளந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அசனார் வேலியைக் கடக்கும்போது இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்திருக்கலாம்.

சந்தியில் ஒரு ஆள் உரத்துச் சொன்னார்: "முதலாம் இடம், காத்தான்குடி அசனார்."

ஏறாவூர் என்று சொல்லவில்லை. பெண் எந்த ஊரோ மாப்பிள்ளையும் அந்த ஊர். எங்கள் மண்ணில் ஓடிப் பழகிய கால்களின் மெடல் அன்றைக்குக் காத்தான்குடிக்குப் போனது.

வாப்பா உள்ளே வந்தார். அவர் ஓடி வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். வேர்த்து வழிந்தது. மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா புள்ள? முடிஞ்சி. அசனார்தான் பெரிய ஓட்டக்காரன். மஜீட் கிட்டவும் வர ஏலா. வாத்தியாரும் ஒத்துக்கொண்டார்."

"ஓம் வாப்பா" என்றேன். "எனக்கு அது போன வருஷமே தெரியும்."

வாப்பா என்னைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், புதுச் சுண்ணாம்பு அடித்துப் பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தை விட்டுப் போனது. தோளில் இருந்த கை அப்படியே இருந்தது.

வெளியே வாத்தியார், "முதலாளி, இஞ்ச வாங்க, மெடல் குடுக்கப் போறாங்க" என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். வாப்பா போகவில்லை.